பெனிசிலினுக்கு அடங்காத காது

அத்தியாயம் 5

முகமது பாரூக்கை லாக்கப்பில் போடவில்லை. வீட்டுக்கும் விடவில்லை. திண்டுக்கல் பேகம்பூரில் பத்து வருடமாக ஊசி போட்டுவந்த அந்தக் கம்பவுண்டர், மூன்று நாளாகப் போலீஸ் ஸ்டேஷன் வராந்தாவில் ஒரு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

புகார் சின்னது அல்ல. பெனிசிலின் என்று சொல்லி வெறும் தண்ணீரைக் குத்திவிட்டார் என்று ஐந்து குழந்தைகளின் பெற்றோர் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஐந்து குழந்தைகளுக்கும் காதில் சீழ். ஐவருக்கும் ஊசி போட்டாயிற்று. ஒருவருக்கும் சீழ் நிற்கவில்லை. அதில் பூக்காரி கருப்பம்மாளின் மகள் பொன்னழகுக்குக் காதுக்குப் பின்னால் எலுமிச்சம்பழம் அளவு வீங்கி, காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்து, மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவளுக்கு ஆறு வயது. ஊர் கொதித்துவிட்டது.

துப்பறியும் பவுல்ராஜ் வந்து பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தார். ரயில்வே போலீசில் இருபத்தாறு வருடம் குப்பை கொட்டியவர். மனைவி போய்ச் சேர்ந்து ஆறு வருடம். யாராவது வீட்டுக்கதவைத் தட்ட வேண்டும் என்பதற்காகவே அண்ணன் துப்பறியும் போர்டு மாட்டினார் என்று உதவியாளன் மொக்கைச்சாமி ஊரெல்லாம் சொல்லிவந்தான். பவுல்ராஜ் அதை மறுத்ததில்லை.

"பாய், உங்க வீட்டம்மா சைதூன் வந்து கேட்டுக்கிட்டாங்க. அதான் வந்திருக்கேன். மருந்துல தண்ணி கலந்தீங்களா?"

"கலக்காம எப்படிங்க குத்துறது? பெனிசிலின் பொடியாத்தான வருது. காய்ச்சி வடிச்ச தண்ணி எம்புட்டுக் கலக்கணுமோ அம்புட்டுத்தான் கலந்தேன்."

"பிள்ளைகளுக்குக் குணமாகலையே."

"அதுதான் எனக்கும் புரியல."

"உங்களைத் தவிர வேற யாராச்சும் அந்தக் காதுகளுக்கு வைத்தியம் பாத்தாங்களா?"

அதுவரை உடனுக்குடன் பதில் சொன்ன பாரூக், இப்போது தெருவைப் பார்த்தார். ஒரு மாட்டுவண்டி முழுசாகக் கடந்து போனது.

"தெரியலீங்க," என்றார்.

வெளியே வந்ததும் மொக்கைச்சாமி கேட்டான். "என்னண்ணே, ஆளு எப்படி?"

"ரெண்டு கேள்விக்கு நெஜம் சொன்னாரு. மூணாவதுக்கு வண்டியை எண்ணுனாரு."

---

முதலில் மருந்து நிஜமா என்று பார்க்க வேண்டியிருந்தது. அதற்கு பவுல்ராஜ் எந்தக் கருவியையும் தேடவில்லை. பாரூக்கின் நோட்டை வாங்கி, குழந்தைகளுக்குப் போட்ட அதே பெட்டியிலிருந்து வேறு யாருக்கு மருந்து போயிருக்கிறது என்று விரலை ஓட்டினார். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கும் ஒச்சப்பன் என்பவருக்கு அதே வாரம் நிமோனியா. எட்டு ஊசி.

அவர்கள் போனபோது ஒச்சப்பன் சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஈரத்தோல் ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டிருந்தார். தூக்கியவாறே பேசினார்.

"நாலாம் நாளே எந்திரிச்சு உக்காந்துட்டேன். பாரூக்கு பாய் குத்துனது தண்ணின்னு எவன் சொன்னான்? இங்க கூட்டியா அவனை."

திரும்பி வரும்போது மொக்கைச்சாமி சொன்னான். "தண்ணியிலயே நிமோனியா போகும்னா வைகை ஆத்துக்கு டாக்டர் பட்டம் குடுத்துரலாம்ணே."

"மருந்து நெஜம். அப்ப காதுல இருக்கிறதுதான் வேற மாதிரி."

மீதி நான்கு குழந்தைகளின் வீட்டுக்கும் அவர்கள் போனார்கள். ஒவ்வொரு பிள்ளையின் காதிலிருந்தும் பஞ்சுத்திரியை எடுத்துத் தனித்தனிக் குப்பியில் போட்டு மூடினார் பவுல்ராஜ். இந்தத் திரியை வைத்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றாள் ஒவ்வொரு தாயும், அவர் முகத்தைப் பார்க்காமல்.

---

மதுரையில் பரிசோதனைக்கூடத்து டாக்டர் ஆனந்தமேரி அந்த நாலு குப்பிகளோடு பொன்னழகின் காதுச்சீழையும் எடுத்துக்கொண்டு, மறுநாள் மத்தியானம் வரச் சொன்னார். மறுநாள் மேஜைமேல் ஆறு கண்ணாடித் தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார். தட்டுகளில் இறுகிய கூழ். அதன்மேல் ரவையைத் தூவியதுபோல் புள்ளிப் புள்ளியாகக் கிருமிகள். ஒவ்வொரு தட்டின் நடுவிலும் பொட்டு அளவுக்கு ஒரு காகித வில்லை.

"இந்த வில்லையில பெனிசிலின் ஊறியிருக்கு. இந்த முதல் தட்டு வேற ஒரு நோயாளியோடது. பாருங்க."

முதல் தட்டில் வில்லையைச் சுற்றி ஒரு வட்டம் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. கிருமிகள் எட்டவே நின்றிருந்தன.

"மத்த அஞ்சும் நீங்க கேக்கிற பிள்ளைகளோடது."

அந்த ஐந்து தட்டுகளில் வட்டமே இல்லை. புள்ளிகள் வில்லையின் விளிம்புவரை நெருக்கியடித்துக் கிடந்தன.

மொக்கைச்சாமி குனிந்து பார்த்தான். "போலீஸ் ஸ்டேஷன் வாசல்லயே உக்காந்து சீட்டாடுறானுக."

ஆனந்தமேரி லேசாகச் சிரித்தார். பிறகு சிரிப்பு போய்விட்டது. "அரைகுறையா மருந்து போட்டா நோஞ்சான் கிருமிதான் சாகும். தெம்பானது பொழச்சுக்கிட்டு அதுவே பெருகும். அப்புறம் முழு மருந்து போட்டாலும் அசையாது. இது ஒரு வாரத்துல நடக்கிற காரியமில்ல. எங்கேயோ ஒரு காதுல மாசக்கணக்கா, வருசக்கணக்கா மருந்தோட பழகியிருக்கு. அங்கேருந்து இந்த அஞ்சு பிள்ளைகளுக்கும் வந்திருக்கு."

"இதுக்கு வேற மருந்து இல்லையா டாக்டர்?"

"குளோரோமைசெடின்னு ஒண்ணு இருக்கு. அதுக்கு இது அடங்குது, பாத்துட்டேன். ஆனா அஞ்சு பிள்ளைக்குக் குடுத்தா போதுமா? இன்னும் எத்தனை பேரு காதுல இருக்கோ. அந்த முதல் காதைக் கண்டுபிடிங்க. பொன்னழகுக்கு வந்த மாதிரி மூளைப்பக்கம் போச்சுன்னா அப்புறம் நேரம் இருக்காது."

போகும் வழியில் வார்டை எட்டிப் பார்த்தார்கள். காலையில்தான் ஆபரேஷன் முடிந்திருந்தது. தலை முழுக்கக் கட்டோடு பொன்னழகு தூங்கினாள். கட்டிலுக்குக் கீழே கருப்பம்மாள் சுவரில் சாய்ந்திருந்தாள். பூக்கட்டிப் பழகிய அவள் விரல்கள், பூவும் நாரும் இல்லாமலே காற்றில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தன. பவுல்ராஜ் ஏதோ கேட்க வாயெடுத்து, கேட்காமலே திரும்பினார்.

---

பாசஞ்சர் ரயில் கொடைரோட்டில் பத்து நிமிடம் நின்றது. பவுல்ராஜ் தன் உத்தியோகத்தில் பாதியை அந்தப் பிளாட்பாரத்தில்தான் நடந்து கழித்திருந்தார். மலைக்குப் போகும் கூட்டம் பெட்டி படுக்கையோடு இறங்கியது. டீக்காரர், போர்ட்டர், டிக்கெட் பரிசோதகர் என்று ஒருவர் முகமும் அவருக்குத் தெரியவில்லை. அவரையும் யாருக்கும் தெரியவில்லை. ஜன்னலை விட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டார்.

"மொக்கை, உன் துண்டிலேருந்து கொஞ்சம் நூலு உருவி ஒரு திரி திரி."

"நானா? விளக்கு வைக்கப் போறமாண்ணே?"

"திரி, சொல்றேன்."

மொக்கைச்சாமி தொடையில் வைத்து உருட்டித் திரித்துக் கொடுத்தான். பவுல்ராஜ் சட்டைப்பையிலிருந்து ஒரு குப்பியை எடுத்தார். டாக்டர் கிருமி போக வேகவைத்துத் திருப்பித் தந்த பஞ்சுத்திரி அதில் இருந்தது. இரண்டையும் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்தார்.

"முறுக்கு எந்தப் பக்கம் போகுதுன்னு பாரு."

"நான் திரிச்சது வலப்பக்கம் சாயுது. இது இடப்பக்கம்." மொக்கைச்சாமி நிமிர்ந்தான். "நாலுமேவாண்ணே?"

"நாலும் இப்படித்தான். நாலு தெருவு, நாலு வீடு. நாலு தாயும் நான்தான் திரிச்சேன்னாங்க. நாலு பேரும் இடக்கைக்காரங்களா இருக்க வழியில்ல. ஒரே கை. இடது கை. யாரையோ காப்பாத்தப் பொய் சொல்றாங்க."

"திண்டுக்கல்லுல இடக்கைக்காரியை எங்க போயித் தேட?"

"உனக்குத் தெரியாதா? பன்னெண்டு வருசம் டூரிங் டாக்கீஸ்ல டிக்கெட் கிழிச்சவன் நீ."

மொக்கைச்சாமி கண்ணை மூடிக்கொண்டான். ரயில் அம்பாத்துரையைத் தாண்டும்வரை திறக்கவில்லை.

"பொம்பளைங்க பக்கம் மூணு பேரு இடது கையால டிக்கெட் நீட்டும். ஒண்ணு செத்துப்போச்சு. ஒண்ணு சிறுமலைக்குக் கட்டிக்குடுத்துட்டாங்க, பஸ்ஸு அங்கேருந்து எறங்குறதே அபூர்வம். மூணாவது மேட்டுப்பட்டி செபஸ்தியம்மா. டிஸ்பென்சரியில ஆயாவா இருந்துச்சு. தனியாத்தான் வரும், தனியாத்தான் போகும். எம்புட்டு எடம் காலியாக் கெடந்தாலும் ஒலிபெருக்கிக் குழாய்க்கு நேர் கீழதான் உக்காரும். அந்த எடத்துல மனுசன் உக்காந்தா மண்டை பொளந்திரும்ணே."

பவுல்ராஜ் குப்பியை மெதுவாகப் பைக்குள் வைத்தார்.

---

மேட்டுப்பட்டியின் கடைசித் தெருவில் ஓடு வேய்ந்த ஒற்றை அறை வீடு. மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவர்கள் தெருமுனையில் திரும்பும்போதே குரல் கேட்டது.

"ஆடாத கண்ணு. ரெண்டே சொட்டு."

"ரகசிய வைத்தியத்துக்கு ஏத்த குரலு," என்றான் மொக்கைச்சாமி.

வாசற்படியில் மூன்று பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. உள்ளே, அறுபது வயதிருக்கும் ஒரு பெண் கால் நீட்டி உட்கார்ந்து, ஒரு சிறுமியின் தலையை மடியில் சாய்த்துப் பிடித்திருந்தாள். இடது கையில் பேனாவுக்கு மை ஊற்றுகிற கண்ணாடி ஃபில்லர். சொட்டு விட்டதும் ஃபில்லரின் முனையைச் சேலைத் தலைப்பில் துடைத்தாள். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அதைச் செத்த நேரம் கீழ வைங்க," என்றார் பவுல்ராஜ் வாசலிலிருந்து.

அவள் திரும்பவில்லை. அவர் உள்ளே போய் அவளுடைய வலப்பக்கமாகக் குனிந்து அதையே சத்தமாகச் சொன்னார். செபஸ்தியம்மாள் ஏறிட்டுப் பார்த்தாள்.

"பவுல்ராஜுதான? கோயில்ல பாத்திருக்கேன். உனக்கும் காதா?"

மொக்கைச்சாமி பிள்ளைகளைக் கிளப்பினான். "இன்னைக்கு ஆஸ்பத்திரி லீவு. ஓடுங்க, ஓடுங்க."

பிள்ளைகள் போனதும் அந்த அறையில் ஒரு கட்டிலும் ஒரு மாதா படமும் ஒரு தண்ணீர்ப்பானையும் மட்டும் மிஞ்சின. பவுல்ராஜ் கேட்டதும் அவள் ஒளிக்கவில்லை. பானைக்குக் கீழே ஈர மணலில் புதைத்திருந்த சின்னக் குப்பியை எடுத்து நீட்டினாள். அடியில் கொஞ்சம் பெனிசிலின் கலங்கலாகக் கிடந்தது.

"பாரூக்கு குடுத்ததுதான். ஊசி போட்ட பெறகு குப்பியில மிச்சம் நிக்கும். வீணாக் கொட்டுறதுக்குப் பதிலா எனக்குக் குடுன்னு கேட்டேன். யாருகிட்டயும் சொல்ல வேணாம்னும் நான்தான் சொன்னேன். டிஸ்பென்சரியில டாக்டர் கூப்பிடுறது காதுல விழலைன்னு என்னை நிறுத்திட்டாங்க. இனிமே நீ வைத்தியத்துல கை வைக்காதேன்னும் சொல்லியிருந்தாங்க."

"பாரூக்கு இப்ப எங்க இருக்காருன்னு தெரியுமா?"

"கடையிலதான் இருக்கும்."

பவுல்ராஜ் சொன்னார். சத்தமாகத்தான் சொல்ல வேண்டியிருந்தது. பக்கத்து வீட்டில் அம்மிச் சத்தம் நின்றுபோனது.

"ஊரு பேசுறது எனக்கு எட்டுறதில்ல தம்பி," என்றாள். "பாரூக்கோட மூத்த பயலுக்கு டைபாய்டு வந்தப்ப ஒம்பது நாளு பக்கத்துல இருந்து பாத்தேன். அதுக்காக வாயைத் தொறக்காம இருக்கானா அந்தப் பைத்தியக்காரன்?"

"பிள்ளைகளுக்கு எத்தனை நாளு மருந்து போடுவீங்க?"

"சீழு நிக்கிற வரைக்கும். ரெண்டு நாளு, மூணு நாளு. நின்னதும் நிறுத்திருவேன். மிச்சத்தை அடுத்த பிள்ளைக்கு வச்சுக்கணும்ல. அம்புட்டு மருந்துக்கு நான் எங்க போவேன்?"

மொக்கைச்சாமி பவுல்ராஜைப் பார்த்தான். மதுரை டாக்டர் சொன்ன அரைகுறை மருந்து இதுதான். தேடிவந்த ஆள் கிடைத்துவிட்டது என்று அவன் எழுந்தான். பவுல்ராஜ் எழவில்லை. இரண்டு மூன்று நாளில் ஒரு கிருமி அவ்வளவு தேறிவிடாது. அந்த முதல் காது இன்னும் கிடைக்கவில்லை.

அவர் செபஸ்தியம்மாளின் முக்காட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். கோயிலில் போடுவதைப்போல வீட்டுக்குள்ளும் அவள் தலையை மூடியிருந்தாள். இடது காதின் பக்கம் துணி சற்று விலகியிருந்தது. உள்ளே வெள்ளையாகப் பஞ்சு. இடப்பக்கம் முறுக்கிய திரி.

"அக்கா, உங்க காதுல எத்தனை நாளா சீழு வருது?"

அவள் கை தானாகவே முக்காட்டை இழுத்து மூடியது. "மூணு வருசம் இருக்கும்."

"அதுலயும் பெனிசிலின் விட்டீங்களா?"

"விடாம? என் காதுல விட்டுப் பாத்துட்டுத்தான பிள்ளைக காதுல விட்டேன். ஏதும் ஆனா எனக்கு ஆகட்டும்னு. சீழு வந்தா ரெண்டு சொட்டு. நின்னா விட்டுருவேன். மறுபடி வரும். மறுபடி ரெண்டு சொட்டு. இப்பல்லாம் விட்டாலும் கேக்கிறதில்ல."

"எந்த ஃபில்லரால?"

அவள் தன் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

கண்ணாடித் தட்டு, வில்லை, வட்டம் எல்லாவற்றையும் பவுல்ராஜ் அவளுடைய வலது காதருகே உட்கார்ந்து சொன்னார். எவ்வளவு அடக்கிச் சொன்னாலும் தெருவுக்குக் கேட்டது. யாரையாவது கையும் களவுமாகப் பிடிக்கும் நேரத்தில் அவருக்கு எப்போதும் வரும் ஒரு சின்னச் சந்தோஷம் அன்று வரவில்லை. தன் வீட்டுச் சுவரோடு பேசுவதைப்போல இருந்தது.

"பொன்னழகு?" என்று கேட்டாள் செபஸ்தியம்மாள்.

"மதுரையில கெடக்கா. ஆபரேஷன் ஆயிருக்கு."

"வர்றதை நிறுத்திருச்சு. சரி, குணமாயிருச்சு, அதான் வரலைன்னு நெனச்சேன். வராத பிள்ளையெல்லாம் குணமான பிள்ளைன்னுதான் இருந்தேன்." ஃபில்லரைத் தரையில் வைத்தாள். "மருந்து போடுறப்ப மட்டுந்தான் பிள்ளைக மடியில தலை வைக்கும். ரெண்டு சொட்டு உள்ள எறங்குற வரைக்கும் அசையாம கெடக்கும்ல, அது பாட்டுக்கு ஏதாச்சும் சொல்லிக்கிட்டிருக்கும். எனக்குக் கேக்காது. ஆனா வாய் அசையிறது தெரியும்."

பிறகு அவள் மொக்கைச்சாமியைப் பார்த்தாள்.

"அப்பு, உனக்கு எழுதத் தெரியுமா? எழுதிக்க. நாச்சிமுத்து மகன், ரெண்டாவது பய, வலது காது. சண்முகவள்ளி பேத்தி, ரெண்டு காதும். பொம்மையன் வீட்டு இரட்டைப் பிள்ளைகள்ல குட்டையானது, இடது. அது ரொம்பத் துள்ளும், ரெண்டு பேரு பிடிக்கணும்."

மொத்தம் பதினேழு பிள்ளைகள். ஒரு பெயரும் தடுக்கவில்லை, ஒரு காதும் மாறவில்லை. புகார் கொடுத்தது ஐந்து வீடுதான். மற்றப் பன்னிரண்டு பேரை அவள் சொல்லாவிட்டால் யாராலும் கண்டுபிடித்திருக்க முடியாது. மொக்கைச்சாமி நோட்டின் ஓரம்வரை எழுதி, பக்கத்தைத் திருப்பி எழுதினான்.

"இப்ப ஸ்டேஷனுக்குப் போவோம்," என்று அவள் எழுந்தாள்.

---

இன்ஸ்பெக்டர் முன்னால் நின்று செபஸ்தியம்மாள் முதலிலிருந்து சொன்னாள். மருந்து நல்ல மருந்து, பாரூக்கு மேல் தப்பில்லை, குப்பியின் மிச்சத்தை வாங்கியது நான், ஃபில்லர் என்னுடையது, காது என்னுடையது. அவள் குரல் வராந்தாவைத் தாண்டிச் சாலைக்குப் போயிற்று. போகிறவர்கள் நின்றார்கள். புகார் கொடுத்தவர்களில் இரண்டு பேர் கூட்டத்தில் இருந்தார்கள்.

"மெதுவாப் பேசும்மா. எல்லாரும் கேக்கிறாங்க," என்றார் இன்ஸ்பெக்டர்.

"எனக்கு மெதுவாப் பேசத் தெரியாதுய்யா."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்தார். இதை எந்தச் சட்டத்தில் எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மதுரை டாக்டரின் கடிதத்தை பவுல்ராஜ் கொடுத்தார். அதைப் படித்துவிட்டு இன்ஸ்பெக்டர் பாரூக்கைப் போகச் சொன்னார்.

பாரூக் எழுந்து, கால் மரத்துப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அம்மா, வீட்டுக்கு வாங்க. சைதூன் ஆக்கி வச்சிருப்பா," என்றார்.

அவள் அதற்குள் படியிறங்கித் தெருவில் நடந்துகொண்டிருந்தாள். அவருடைய பக்கம் இருந்தது அவளுடைய கேட்காத இடது காது. கூட்டம் விலகி வழிவிட்டது. தேவைக்கு மேலேயே விலகியது.

---

மூன்றாம் நாள் டாக்டர் ஆனந்தமேரி புது மருந்தோடு திண்டுக்கல் வந்தார். ஆஸ்பத்திரி வராந்தாவின் நீளப் பெஞ்சில் தாய்களும் பிள்ளைகளும் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பொன்னழகைத் தவிரப் பதினாறு பிள்ளைகளும் வந்துவிட்டன. சீழ் நின்றாலும் பத்து நாள் மருந்தை நிறுத்தக் கூடாது, ஒருவர் ஃபில்லர் இன்னொருவருக்கு ஆகாது என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். வாசலில் நின்று மொக்கைச்சாமி நோட்டைப் பார்த்துப் பெயர் வாசித்தான்.

செபஸ்தியம்மாள் கடைசியில் வந்தாள். பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்த தாய் பிள்ளையை மடிக்கு மாற்றிக்கொண்டு நகர்ந்தாள். அவளுக்கு அடுத்தவளும் நகர்ந்தாள். பெஞ்சில் மூன்று ஆள் உட்காரும் இடம் விழுந்தது. பொம்மையன் வீட்டுக் குட்டைப் பயல் அவளைப் பார்த்துக் கையாட்டினான். அவன் தாய் கையைப் பிடித்து இறக்கினாள்.

பவுல்ராஜ் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளை எப்படி இருக்கு?" என்று கேட்டாள் அவள். பெஞ்சு முழுக்கத் திரும்பியது.

"காய்ச்சல் விட்டுருச்சு. பொழச்சுக்கிட்டா. ஒரு காதுதான் இனிக் கேக்காதுன்னுட்டாங்க."

"எந்தக் காது?"

"வலது."

அவள் தலையாட்டினாள். "பள்ளிக்கூடத்துல வாத்தியாருக்கு இடதுகைப் பக்கமா உக்காரச் சொல்லணும். அப்பத்தான் நல்ல காது அவரு பக்கம் இருக்கும். நான் போயிச் சொன்னா கருப்பம்மா வீட்டுக்குள்ள விடுவாளா?" என்றாள்.

"தெரியலக்கா."

"விட மாட்டா," என்றாள் செபஸ்தியம்மாள். "நீ சொல்லிரு."

பிள்ளைகள் ஒவ்வொன்றாக உள்ளே போய் வந்தன. தாய்கள் மருந்துக் குப்பியை முந்தானையில் முடிந்துகொண்டு வெயிலில் இறங்கினார்கள். பெஞ்சில் இவர்கள் இருவர்தான் மிச்சம். மொக்கைச்சாமி கடைசிப் பெயரை வாசித்தான். அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை வாசித்தான்.

பவுல்ராஜ் அவள் தோளைத் தொட்டார். அவள் எழுந்து, முக்காட்டை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள்.